எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

பழைய கார் வைத்திருப்போர் ஏதேனும் ஒரு நாளில் கேட்டே தீர வேண்டிய வாக்கியம் ஒன்றுண்டு: 'வண்டி ஆயில் குடிக்குது சார்.' அதைத் தொடர்ந்து வரும் அறிவுரையும் பெரும்பாலும் ஒன்றேதான்: 'கொஞ்சம் கனமான ஆயிலா ஊத்திப் பாருங்க.' பட்டறைகளின் வாய்மொழி மரபில் தலைமுறைகளாக வழங்கிவரும் இந்தக் கைவைத்தியத்தில் அறிவு எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். டப்பாவின் மேல் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்றெல்லாம் அச்சிட்டிருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன, யாருடைய தேவைக்காக வந்தன என்று அறியாமல் அதைச் செய்ய இயலாது. எனவே எண்களின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

பாகும் பதமும்

எண்ணெயின் கனம் என்று நாம் பேச்சில் சொல்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பாகுநிலை என்றும், இலங்கைப் பாடநூல்கள் பிசுக்குமை என்றும் குறிக்கின்றன. கனம் என்ற சொல் சற்றே வழிதவறச் செய்வது. எண்ணெய் நீரைவிட எடை குறைந்தது. அதனால்தான் நீரின் மேல் மிதக்கிறது. ஆயினும் நீரைவிட மெதுவாக ஓடுகிறது. ஓட்டத்துக்குத் திரவம் தனக்குள்ளேயே காட்டும் தடை அது. பாகு என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அடுக்களையை அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். வெல்லப்பாகு காய்ச்சுகிறவர் கரண்டியிலிருந்து அது வழியும் வேகத்தையும், இரு விரல்களுக்கு இடையே இழுபடும் கம்பியையும் பார்த்துப் பதம் சொல்கிறார். ஆறினால் அதே பாகு இறுகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். எஞ்சின் எண்ணெயைப் பற்றி முதலில் அறிய வேண்டிய இரண்டு செய்திகளும் இதில் அடக்கம்: கனத்தை அளப்பது ஓட்டத்தைக் கொண்டு, அக்கனம் சூட்டுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

ஐரோப்பிய மொழிகளில் இப்பண்புக்குரிய 'விஸ்காசிட்டி' என்ற சொல் 'விஸ்கம்' என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தது. விஸ்கம் என்பது ஒருவகைப் புல்லுருவி. அதன் கனிகளிலிருந்து எடுத்த பசையைக் கிளைகளில் தடவி வேடர்கள் பறவை பிடித்தனர். திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது எழும் தடை, அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற கருதுகோளை நியூட்டன் 1687இல் வெளியான தமது 'பிரின்சிபியா' நூலில் முன்வைத்தார். அதைச் சோதனையால் செழுமைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டின் புவாசே என்ற மருத்துவர். நுண்ணிய குருதி நாளங்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பிய அவர், 1840களில் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் திரவங்களைச் செலுத்தி அளந்தார். குழாயின் ஆரத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டம் பதினாறு மடங்காகிறது என்று கண்டார். திரவத்தின் கனத்தை இரட்டிப்பாக்கினாலோ ஓட்டம் பாதியாகத்தான் குறையும். வழியின் அகலத்துக்கும் திரவத்தின் கனத்துக்கும் இடையிலுள்ள இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் கொள்வோம்; பின்னால் தேவைப்படும்.

வெளியே தள்ளப்பட்ட அடைப்பு

மசகெண்ணெய் என்ன வேலை செய்கிறது என்பது நெடுங்காலம் சரியாக விளங்காமலே இருந்தது. வழுக்குகிறது, அவ்வளவுதான் என்று எண்ணினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இயந்திரங்களுக்கு இட்டவை விலங்குக் கொழுப்பும் தாவர எண்ணெயும் திமிங்கில எண்ணெயும்தாம். 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் டிரேக் கிணறு தோண்டப்பட்ட பிறகே கனிம எண்ணெய் பெருமளவில் கிடைத்தது. ஜான் எல்லிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கச்சா எண்ணெயில் மருத்துவக் குணம் தேடினார், அது கிட்டவில்லை. நீராவி எஞ்சின்களின் வால்வுகளுக்கு அது நல்ல மசகு என்று கண்டு 1866இல் தொழில் தொடங்கினார். வால்வோலின் என்ற வணிகப் பெயர் அவ்வழி வந்ததே.

1883இல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர், இயந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காக ரயில் அச்சின் தாங்கிகளை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையிட்டபோது, ஊற்ற வேண்டிய துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் நிலைக்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான், சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று குறுகிய இடைவெளியில் திணிக்கிறது, அங்கே எழும் அழுத்தமே அச்சின் சுமையைத் தாங்குகிறது என்பது வெளிப்பட்டது. இரும்பின் மேல் இரும்பு உட்காரவில்லை. இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் பளு தூக்கிக்கொண்டிருந்தது. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதக் கோட்பாடு வகுத்தார்.

கனம் ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது. மிகமிக மெல்லிய எண்ணெயானால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தின்னும். மிகக் கனமானால் எண்ணெயைக் கலக்குவதிலேயே ஆற்றல் வீணாகிச் சூடு ஏறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. ஒவ்வோர் எஞ்சினுக்கும், அதன் வேகத்துக்கும் சூட்டுக்கும் இடைவெளிகளுக்கும் ஏற்ப, அப்பதம் வேறு.

குடிப்பதே இயல்பாக இருந்த காலம்

இன்று நாம் எண்ணெய் எரிவதைப் பழுது என்கிறோம். எரிப்பதையே முறையாகக் கொண்ட எஞ்சின்களும் இருந்தன என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பிரான்சின் செகுவேன் சகோதரர்கள் உருவாக்கிய க்னோம் சுழல் எஞ்சின் முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றை இயக்கியது. அதில் கிராங்க் தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழன்றன. ஊற்றிய எண்ணெய் திரும்பி வரவே வராது. வேலையை முடித்துவிட்டுப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி கிராங்க் அறை வழியாகவே சென்றதால், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் தேவைப்பட்டது. அதற்கு வாய்த்தது ஆமணக்கு எண்ணெய்.

நம் மொழியில் விளக்கெண்ணெய் என்று அதன் பழைய பயனோடு சேர்த்தே வழங்கும் அதே எண்ணெய்தான். குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுத்ததும் அதுவே. அவ்வெஞ்சின்களின் பின்னால் அமர்ந்து எண்ணெய்ப் புகையைச் சுவாசித்த விமானிகள் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டதாகச் சொல்லப்படுவதைக் கேட்டு, விளக்கெண்ணெயை அறிந்த நம்மவர் எவரும் வியக்கமாட்டார். அக்காலத்தில் உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதையை அனுப்பிய முதன்மை நாடு இந்தியா. சென்னை மாகாணமும் ஹைதராபாத் சமஸ்தானமும் அதைப் பெருமளவில் விளைவித்தன. சார்லஸ் சியர்ஸ் வேக்ஃபீல்டு 1899இல் தொடங்கிய ஆங்கிலேய நிறுவனம் 1909இல் தன் எஞ்சின் எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் எனப் பெயரிட்டதும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை ஒட்டியே.

பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து எரிக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இம்மரபின் பிற்கால வாரிசுகள். 1957 முதல் 1991 வரை கிழக்கு ஜெர்மனியில் உற்பத்தியான டிராபன்ட் காரும், நம் சாலைகளில் ஓடிய ராஜ்தூத், எஸ்டி மோட்டார் சைக்கிள்களும், பழைய ஆட்டோக்களும் நீலப்புகை விட்டதற்குக் காரணம் பழுது அன்று, அமைப்பே அப்படி. அதன் விலையைச் செலுத்தியவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமல்லர், அக்காற்றைச் சுவாசித்தவர்களும்தாம். டில்லிக் காற்று மாசு வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளுள் ஒன்று, பெட்ரோல் நிலையங்களில் டூ-டி எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்கு இட்ட தடை ஆகும். அளவுக்கு மீறி எண்ணெய் கலந்தால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் அந்தப் புகைக்கு ஒரு காரணமாக இருந்தது.

வளையத்தின் இருவேறு கடமைகள்

கார்களில் நிலைபெற்ற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினின் கதை வேறு. அங்கே எண்ணெய் கீழே அறையில் தங்கித் திரும்பத் திரும்பச் சுற்றி வர வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், பட்டறை மொழியில் ரிங்குகள், மேலிருந்து எரிவாயு கீழே இறங்காமலும் கீழிருந்து எண்ணெய் மேலே ஏறாமலும் காக்கின்றன. ஆனால் முற்றிலும் வழித்துத் துடைத்துவிடவும் கூடாது. சிலிண்டர்ச் சுவரில் மெல்லிய படலம் எஞ்சினால்தான் ரிங் தேயாது. எஞ்சிய படலத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வெடிப்பிலும் எரிந்துபோகும். ஆகவே எண்ணெயே குடிக்காத எஞ்சின் உலகில் இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அளவு மீறும்போது எண்ணெய் எரிய வழிகள் மூன்று. ரிங் தேய்ந்தோ, கரி பிடித்து அசையாமலோ போனால் சிலிண்டர் வழியே ஏறும். வால்வுத் தண்டின் ரப்பர் சீல் காய்ந்து இறுகினால் மேலிருந்து கசிந்து இறங்கும். கிராங்க் அறையின் ஆவியை மீண்டும் எஞ்சினுக்குள் இழுக்கும் வால்வு அடைத்துக்கொண்டால் அதன் வழியே போகும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒருமுறை நீலப்புகை வந்து நின்றுவிட்டால், முதலில் ஐயப்பட வேண்டியது வால்வு சீலை. வேகம் எடுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்கை. புகையே இல்லாமல் அளவு மட்டும் குறைந்தால் வெளியே ஒழுகுகிறதா என்று தரையையும் எஞ்சினின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்று வழிகளுக்கும் பட்டறை தரும் மருந்து ஒன்றாக இருப்பதுதான் விந்தை.

எண்கள் பிறந்த கதை

1905இல் தோன்றிய அமெரிக்க மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம், அதாவது எஸ்.ஏ.இ., 1911இல் எஞ்சின் எண்ணெய்க்கு முதல் தர வரையறையை வெளியிட்டது. அதன் வழிவந்த எண்களே 20, 30, 40, 50. இவை எந்த அலகையும் நேரடியாகக் குறிப்பவை அல்ல. வகுப்பறையில் பிரிவுகளுக்கு இடும் எண்ணைப் போன்றவை. அந்நாளில் கனத்தை அளந்தது சேபோல்ட் என்ற கருவி. குறித்த சூட்டில் 60 மில்லிலிட்டர் எண்ணெய் ஒரு சிறுதுளை வழியே வடிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார்கள். 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 58 முதல் 70 நொடிக்குள் வடிந்தால் 30. 70 முதல் 85 நொடியானால் 40. கரண்டியிலிருந்து பாகு வழிவதைப் பார்க்கும் அதே முறைதான். கையில் கடிகாரம் சேர்ந்துகொண்டது. இன்றைய வரையறைப்படி 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை 30, 12.5 முதல் 16.3 வரை 40, 16.3 முதல் 21.9 வரை 50.

வெப்ப நாட்டவருக்குப் புரியாத ஒரு சிக்கல் குளிர் நாடுகளில் எழுந்தது. கோடையில் சரியாக இருந்த எண்ணெய் பனிக்காலக் காலையில் இறுகி, எஞ்சினைச் சுற்றவே விடவில்லை. எனவே குளிர்காலத் தரங்கள் தனியே வகுக்கப்பட்டன. எண்ணை ஒட்டி வரும் டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 15டபிள்யூ எனில் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் எஞ்சினைக் கிளப்ப முடிகிற அளவு இளகியிருக்க வேண்டும். 5டபிள்யூ எனில் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரியில். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் இத்தேர்வு நடப்பதே இல்லை. முன்னெண் ஒரு சோதனைக்குரியது, பின்னெண் வேறொரு சோதனைக்குரியது. 15டபிள்யூ-40 என்பதைப் 'பதினைந்து முதல் நாற்பது வரை' என்று ஒரே அளவுகோலாகப் படிப்பது பரவலான தவறு.

கோடைக்கும் குளிருக்கும் ஒரே எண்ணெய் எப்படிச் சாத்தியமாயிற்று? சூட்டுக்கேற்பக் கனம் எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்க டீன், டேவிஸ் என்ற இருவர் 1929இல் ஒரு குறியீட்டெண்ணை வகுத்தனர். மாற்றம் குறைந்த பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, மாற்றம் மிகுந்த மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. அவர்கள் உச்சம் என்று கொண்ட நூறை இன்றைய செயற்கை எண்ணெய்கள் எளிதில் கடந்துவிட்டன. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களைச் சிறிதளவு சேர்த்தால், குளிரில் சுருண்டு கிடக்கும் அவை சூட்டில் விரிந்து எண்ணெய் மெலிவதைத் தடுக்கின்றன. இவ்வழியில் 1950களில் பல்தர எண்ணெய்கள் சந்தைக்கு வந்தன. ஆனால் பாலிமருக்கு ஒரு குறை உண்டு. இறுக்கமான இடைவெளிகளில் நசுங்கும்போது சங்கிலி அறுபடும். நாற்பதாக வாங்கியது நாளடைவில் முப்பதாக இளைத்துவிடும். எரிந்தால் கரியாகவும் படியும்.

மெலிவின் அரை நூற்றாண்டு

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் அமெரிக்கா கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் இயற்றியது. எண்ணெய் மெலிந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் பெட்ரோல் சிறிது மிஞ்சும். ஒரு காருக்கு அற்பமான மிச்சம்தான். இலட்சக்கணக்கான கார்களின் சராசரியைக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கோ அது பெரிது. 2001ஆம் ஆண்டு மாடல்களுக்கு ஃபோர்டும் ஹோண்டாவும் அமெரிக்காவில் 5டபிள்யூ-20ஐப் பரிந்துரைத்தன. எஸ்.ஏ.இ. 2013இல் 16 என்ற தரத்தையும், 2015இல் 12, 8 என்ற தரங்களையும் சேர்த்தது. உராய்வைக் குறைக்கும் அதே நோக்கத்தில் ரிங்குகளின் இறுக்கமும் தளர்த்தப்பட்டது.

மெல்லிய எண்ணெயை எல்லாம் ஏமாற்று என்று தள்ளுவது நியாயமன்று. அதற்கெனத் துல்லியமாகக் கடைந்த எஞ்சினில் அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் தளர்ந்த ரிங்கும், எண்ணெய் வடியும் துளைகள் போதாத பிஸ்டனும் சேர்ந்த இடங்களில் புதிய கார்களே எண்ணெய் குடிக்கத் தொடங்கின. டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சின் பொருத்திய 2007 முதல் 2009 வரையிலான கேம்ரி கார்கள் பலவற்றில் இச்சிக்கல் எழுந்து, பின்னர் அந்நிறுவனம் அமெரிக்காவில் பிஸ்டன்களையும் ரிங்குகளையும் மாற்றித் தரும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. சுபாரு மீது 2014இல் தொடுத்த கூட்டு வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தது. டொயோட்டா கொண்ட அளவுகோல் 1200 மைலுக்கு ஒரு குவார்ட்; அதாவது ஏறத்தாழ 1900 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் இருந்தால் இயல்பு, மீறினால் பழுது.

இவ்விடத்தில் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. எண்ணெய் குடிப்பதில் எது இயல்பு, எது பழுது என்ற எல்லைக்கோடு இயற்கை வகுத்ததன்று. க்னோம் எஞ்சினின் காலம் ஓரிடத்தில் அக்கோட்டைப் போட்டது. அம்பாசிடர் எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்து ரிங் மாற்றுவதை வழக்கமான செலவாகக் கருதிய காலம் வேறிடத்தில் போட்டது. உத்தரவாத விதிகளின் காலம் மூன்றாவது இடத்தில் போட்டிருக்கிறது. டப்பாவின் மேலுள்ள எண்ணும் அப்படியே. அது புதிய எஞ்சினுக்கும் புதிய எண்ணெய்க்கும் இடையே தயாரிப்பாளர் எழுதிய ஒப்பந்தம். இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த எஞ்சின் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பே அன்று.

கனமான எண்ணெய் தருவது என்ன

இனிப் பட்டறையின் வைத்தியத்துக்கு வருவோம். இரு பரப்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பிளவில் திரவம் கசியும் அளவு, பிளவின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரட்டிப்பானால் கசிவு எட்டு மடங்கு. 11 சென்டிஸ்டோக் உள்ள 30க்குப் பதிலாக 14.5 உள்ள 40ஐ ஊற்றினால் கசிவு ஏறத்தாழக் கால் பங்கு குறையும். 19 உள்ள 50ஐ ஊற்றினாலும் பாதியாகக்கூடக் குறையாது. ரிங்கின் அடியில் நடப்பது இவ்வளவு எளிய கணக்கன்று. ஆயினும் திசை இதுவே. தேய்மானம் மடங்கு மடங்காகத் திறந்துவிட்ட வழியைக் கனம் பின்ன அளவிலேயே அடைக்கிறது. புவாசே குழாயில் கண்ட ஏற்றத்தாழ்வு நம் எஞ்சினிலும் தொடர்கிறது.

அந்தக் கால் பங்கை இகழ வேண்டியதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்த வண்டி முக்கால் லிட்டரோடு நின்றால், வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது மாதச் செலவில் தெரியும். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு பழைய காரின் விலையையே எட்டிவிடும் இந்நாளில், ஓராண்டு அவகாசம் என்பது சிறிய பொருளன்று. ஆகவே 5டபிள்யூ-30 கேட்ட எஞ்சின் தேய்மானத்தால் குடிக்கிறதென்றால் ஒரு படி ஏறி 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40க்குச் செல்வது பொருத்தமே. கையேட்டிலேயே வெப்பநிலைக்கேற்ப மாற்றுத் தரங்கள் கொடுத்திருந்தால் அவற்றுள் கனமானதைத் தேர்வது இன்னும் பாதுகாப்பு. நம்முடையதைப் போன்ற வெப்ப நிலத்தில் முன்னெண்ணை மிகக் குறைத்து வாங்குவதில் பெரும் பயனில்லை. முன்னெண்ணும் பின்னெண்ணும் நெருங்கியிருக்கும் எண்ணெயில் பாலிமர் குறைவாகவே தேவைப்படும் என்பதும் பழைய எஞ்சினுக்கு நன்மை.

எண்ணில் தெரியாத இன்னொன்றும் உண்டு. எண்ணெய் குறைவதில் ஒரு பங்கு ஆவியாதலால் நிகழ்வது. நோவாக் சோதனையில் எண்ணெயை 250 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்து எத்தனை விழுக்காடு ஆவியாகிறது என்று பார்க்கிறார்கள். 2001இல் வந்த ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்-3 வரையறை இதற்கு 15 விழுக்காடு என உச்சவரம்பு இட்டது. அதற்கு முந்தையது 22. ஒரே 40 தரத்தில் ஒன்று 8 விழுக்காடும் மற்றொன்று 13 விழுக்காடும் இழக்கலாம். தயாரிப்பாளர்களின் விவரத்தாளில் பெரும்பாலும் இந்த எண் கிடைக்கும். கனத்தை ஏற்றும் முன் ஆவியாதல் குறைந்த எண்ணெயைத் தேடுவது பல நேரங்களில் நல்ல தொடக்கம்.

கனம் உதவாத இடங்களும் உண்டு. ரிங் தேயாமல் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், எண்ணெய் வடிய வேண்டிய நுண்துளைகள் அடைபட்டிருக்கும். அங்கே கனமான எண்ணெய் இன்னும் மெதுவாகவே வடியும். அந்த எஞ்சினுக்கு வேண்டியது நல்ல சலவைச் சேர்மானங்கள் உள்ள எண்ணெயும் குறுகிய இடைவெளியில் மாற்றுதலும். கிராங்க் அறை வால்வு அடைத்திருந்தால் அதை மாற்றினாலே போதும். எவ்வளவு கனமான எண்ணெயும் அந்தச் சிறு பாகத்தின் வேலையைச் செய்யாது. வால்வு சீலும் அப்படியே. எஞ்சின் முழுவதையும் பிரிக்காமல் மாற்றக்கூடியது. எண்ணெய் அழுத்தத்தால் வால்வுகளின் நேரத்தை மாற்றும் இன்றைய எஞ்சின்களில், 20 கேட்ட இடத்தில் ஒரே தாவலாக 20டபிள்யூ-50 ஊற்றினால் குறுகிய வழிகளில் எண்ணெய் நேரத்துக்குச் சென்று சேராது.

புகைக்கும் ஒரு கணக்கிருக்கிறது. 1995 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸ் எரிந்து அங்கே சென்று படிந்தால் அக்கருவி மெல்லச் செயலிழக்கும். அதனால்தான் மெல்லிய தரங்களில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டுக்கு மிகாமல் வரம்பிட்டனர். கனமான தரங்கள் பலவற்றுக்கு அவ்வரம்பு இல்லை. எரியும் எண்ணெயின் அளவு குறைந்தும், எரிவதில் நஞ்சு கூடியும் போகலாம். நம் சேமிப்பின் ஒரு பகுதியைப் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் மூச்சால் செலுத்துகிறார் என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

அளவுகோலின் பக்கம்

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டின் மாடல் டி காரில் எண்ணெய் அளக்கும் கம்பி கிடையாது. எஞ்சினின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிறு குழாய்த் திருகுகள் இருந்தன. மேலதில் எண்ணெய் வரக்கூடாது, கீழதில் வரவேண்டும். ஓட்டுபவர் வண்டிக்கடியில் கைவிட்டுத் திருகிப் பார்த்தே ஆக வேண்டும். அக்காலத்து ஓட்டுநர் தம் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்பதை அறிந்திருந்தார். இன்று பானெட்டைத் திறந்து கம்பியை உருவிப் பார்ப்பது அதைவிட எளிது. ஆனால் பலரும் செய்வதில்லை. முகப்பில் சிவப்பு விளக்கு எரியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவ்விளக்கு சொல்வது எண்ணெயின் அளவை அன்று, அழுத்தத்தை. அழுத்தம் விழுந்த பிறகு டவர் கண்ட அந்தப் படலம் அங்கே இருக்காது. எண்ணெய் குடித்ததால் செத்த எஞ்சின்களைவிட, குடித்ததை ஊற்றி நிரப்பாததால் செத்தவை அதிகம் என்றே தோன்றுகிறது.

ஆகவே எந்தக் கனம் என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டியது எவ்வளவு, எவ்வழி என்ற கேள்விகளே. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் கம்பியைப் பார்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி ஊற்றினோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் அந்த எஞ்சினுக்கென்றே ஓர் ஒப்பந்தம் உருவாகிவிடும். அதன் பிறகு ஒரு படி கனம் ஏற்றிப் பார்த்து, எண் குறைகிறதா என்று ஒப்பிடலாம். குறையவில்லையெனில் கனம் அங்கே மருந்தன்று என்று தெரிந்துகொண்டு பழைய தரத்துக்கே திரும்பலாம்.

இந்த மருந்துக்கு ஓர் இழிந்த பயன்பாடும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. விற்கப்போகும் வண்டியில் மிகக் கனமான எண்ணெயை ஊற்றிப் புகையையும் சத்தத்தையும் சில நாட்களுக்கு அடக்கி வைப்பது பழைய கார்ச் சந்தையில் அறியாத தந்திரமன்று. வாங்குபவர் இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினைத் தாமே கிளப்பிப் பார்க்கக் கேட்பது இதனால்தான். கனமான எண்ணெய் தருவது அவகாசம். தன் எஞ்சினின் நிலையை அறிந்தவர் அந்த அவகாசத்தை வாங்கினால் அது சிக்கனம். அறியாத ஒருவர் தலையில் அதைக் கட்டினால் வேறு பெயர். இரண்டிலும் ஊற்றப்படுவது ஒரே டப்பாவிலிருந்துதான் என்பதால், எண்ணைப் படிப்பவர் அதன் வரலாற்றையும் சிறிது படித்து வைப்பது நல்லது.